கருவிகளின் மௌனம்

பெரிய ஆலை ஒன்றில் வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் ஆகியவற்றை அறிந்து கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கும் உணர்கருவிகள் இன்று ஆயிரக்கணக்கில் உள்ளன. பிலாய், ரூர்கேலா, பொக்காரோ போன்ற ஊர்களில் வாழும் நேயர்கள் பலருக்கு இவை பழகிய பொருள்களே. இக்கருவிகள் பேசக் கற்ற வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா ஒன்று உண்டு. கருவியிடமிருந்து செய்தி ஒன்றும் வராவிட்டால், அதற்கு என்ன பொருள் கொள்வது?

இதற்குத் தெளிவான விடை இரயில் பாதையில் கிடைத்தது. வில்லியம் ராபின்ஸன் என்னும் அமெரிக்கர் 1872-ஆம் ஆண்டில் தண்டவாள மின்சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். பாதையின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு முனையில் மின்கலமும் மறு முனையில் ரிலேயும் வைத்தார். பாதை காலியாக இருக்கும்வரை தண்டவாளத்தின் வழியே மின்னோட்டம் ரிலேயை அடையும். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்தை இடையிலேயே திருப்பிவிடும். கைகாட்டி அபாயத்தைக் காட்டும். கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் விளைவு அதுவே. மௌனத்தை அபாயமெனக் கொள்வதே இம்முறையின் அடிப்படை.

ஆலைகளிலும் இதையொத்த ஏற்பாடு வந்தது. காற்றழுத்தத்தால் செய்தி அனுப்பிய காலத்தில், சதுர அங்குலத்திற்கு 3 முதல் 15 பவுண்டு வரையுள்ள அழுத்தம் அளவாகக் கொள்ளப்பட்டது. பின்னர் மின்சார முறை பரவியபோது 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்னும் அளவு நிலைபெற்றது. பூஜ்யத்தில் தொடங்காததற்குக் காரணம் உண்டு. 4 மில்லி ஆம்பியர் வந்தால் தொட்டி காலி. மின்னோட்டமே வராவிட்டால் தொடர்பு அறுந்தது. இரண்டையும் ஒன்றாகக் கருதும் ஆபத்து இவ்வாறு நீங்கிற்று.

1979-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்தில் உள்ள த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. ஆயினும் கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. அவ்விளக்கு, வால்வைத் திறக்கும் மின்சாரம் செல்கிறதா என்பதை மட்டுமே காட்டியது. வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. வால்வு மூடிவிட்டதெனப் பணியாளர் நம்பினர். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகக் குளிர்நீர் வெளியேறியது. வேறு தவறுகளும் சேர்ந்து, உலையின் உட்கருவில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

அதே ஆண்டில் மோடிகான் நிறுவனம் மோட்பஸ் என்னும் செய்தி முறையை வெளியிட்டது. இம்முறையில் தலைமைக் கருவி ஒவ்வொரு கருவியையும் அதற்குரிய எண்ணால் அழைத்து வினவும். விடையோடு, அது வழியில் சிதைந்ததா என்று சோதிக்கும் குறியீடும் வரும். குறித்த நேரத்திற்குள் விடை வராவிட்டால், பழுது உண்டென்பது புலனாகும். இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான ஈதர்நெட்டும் பின்னர் ஆலைக்குள் புகுந்தது. கம்பியில்லாத் தொடர்பும் வந்துவிட்டது.

எனினும் வலையமைப்பு, தனக்குத் தரப்பட்ட செய்தியைப் பழுதின்றிச் சேர்ப்பிக்குமேயன்றி, அது எதைப் பற்றிய செய்தி என்று ஆராயாது. திரையில் தோன்றுவது நாம் இட்ட கட்டளையா, அக்கட்டளை நிறைவேறிய நிலையா என்பதை ஆலையை அமைப்போரே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். வால்வு மூடியதா என்பதை வால்விடமே கேட்டறியும் கருவியைப் பொருத்துவது சிறு செலவு; பொருத்தாமையின் விலையை 1979 காட்டிவிட்டது.