மேட்ச் நேரத்தில் ஏன் சிறுநீர் வரலை?

1/ 1965. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய மாணவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தாங்க.

2/ உதவிப் பயிற்சியாளர் டுவைன் டக்ளஸ், அங்கேயே பணியாற்றிய சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் கேட்டார்: மேட்ச் முடியும்வரை பசங்க யாருமே சிறுநீர் கழிக்கறதில்லையே, ஏன்?

3/ கேட் குழு முதலாமாண்டு மாணவர்களைச் சோதித்தது. நீரும் உப்பும் வியர்வையிலேயே வெளியேறியிருந்தன. ரத்தச் சர்க்கரையும் குறைவு.

4/ தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்தாங்க. வாயில் வைக்க முடியலை! எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னது கேடின் மனைவி மேரி.

5/ அந்த அக்டோபரில், கொளுத்தும் வெயிலில், லூசியானா ஸ்டேட் அணியை 14-7 என வென்றாங்க. அணியின் பெயர் கேட்டர்ஸ். பானத்தின் பெயர்? கேட்டரேட்.

6/ சர்க்கரை எதுக்கு? குடலில் அது உப்பை உள்ளே இழுத்துச் செல்லும். பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதும் இப்படித்தான்.

7/ ஆனால் கவனம். வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு விளையாட்டு பானம் கொடுக்காதீங்க. அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. ஓ.ஆர்.எஸ். மட்டுமே. அரசு மருத்துவமனையில் இலவசம்.

8/ வெயிலில் விளையாடிட்டு வரும் பிள்ளையிடம் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேளுங்க: "கடைசியா எப்போ சிறுநீர் போன?"