காவிரிக் கழிமுகத்துத் தொல்பொருள்களும் முற்காலச் சோழ அரசின் எழுச்சியும்

சங்க காலத்தில் காவிரிக் கழிமுகத்தை ஆண்ட மரபினர் முற்காலச் சோழர் எனப்படுகின்றனர். உள்நாட்டில் உறையூரும் கடற்கரையில் காவிரிப்பூம்பட்டினம் என்னும் புகாரும் இவர்களின் தலைநகரங்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அசோகரின் 2ஆம், 13ஆம் பாறைக் கல்வெட்டுகள் தம் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தவர்களுள் சோழரையும் குறிக்கின்றன. சோழ மன்னன் கரிகாலனைப் புலவர்கள் பாடுவதற்கு வெகுகாலம் முன்பே வடக்கே தெரிந்திருந்த பெயர் இது.

தஞ்சைக்குத் தென்மேற்கே செம்புறாங்கல் மேட்டிலுள்ள வல்லத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் நடத்திய அகழாய்வில், இரும்புக்கால மக்களின் கருப்பு-சிவப்புப் பானைகள் கிடைத்தன. வண்டல் வயல்களுக்கு அருகே இருந்த மேட்டு நிலத்திலும் அக்காலத்தில் குடியிருப்பு இருந்தது.

ஓர் அரசு எழுந்ததை எதைக் கொண்டு அறிவது? கொரியாவின் தென்பகுதியில் எழுந்த கயா அரசுகளைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி கல்லறைகள் சொன்னது. கிம்ஹே நகரத்துக் கல்லறைகளில் இரும்புப் பாளங்களும் ஆயுதங்களும் தலைவர்களோடு புதைக்கப்பட்டிருந்தன. சோழ நாட்டின் வழக்கம் வேறு. மறைந்த சோழன் வளவனுக்கேற்ற தாழியை வனைய உன்னால் இயலுமா என்று குயவரை நோக்கிக் கேட்கும் பாடல் ஒன்று புறநானூற்றில் உண்டு (228). குடிமக்களைப் போலவே மன்னனும் மண்தாழிக்குள் போன நாட்டில், அரசின் அடையாளத்தைத் துறையிலும் குளத்திலும் காசிலும்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடியபோது கிடைத்த சான்றுகளில் தலையாயது புகாரை அடுத்த கீழையூர்ப் படகுத்துறை. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, வழக்கத்தைவிடப் பெரிய செங்கற்களால் கட்டிய மேடையும் அதையொட்டிப் படகுகளைக் கட்ட நட்ட மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. கம்பங்களின் மரத்தைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில், காலம் கி.மு. 4-3ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது. அடுத்துள்ள வாணகிரியில் காவிரி நீரைக் குளத்துக்குக் கொண்டுபோன செங்கல் நீர்வழி கிடைத்தது. பல்லவனேசுவரத்தில் புத்த விகாரம் கிடைத்தது. 1980கள் தொடங்கிக் கடலடி ஆய்வுகளும் நடந்துள்ளன. இன்று இவ்வூர்கள் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளன.

புகாரில் ஏற்றி இறக்கும் பண்டங்களுக்குப் புலி முத்திரை இட்டு, சுங்கம் பெற்ற காவலரைச் சங்க நூலான பட்டினப்பாலை வருணிக்கிறது. அதே புலி சோழரின் சதுரச் செப்புக்காசுகளிலும் உண்டு: ஒருபுறம் யானை, மறுபுறம் புலி. இவ்வகைக் காசு ஒன்று தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னும் இடத்திலும் கிடைத்துள்ளது. பாட்டில் படித்த முத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தரும் இச்சிறு காசுகளை, முற்காலச் சோழ ஆட்சிக்கு மிகத் தெளிவான சான்று என்று துணிந்து சொல்லலாம்.

உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1965-69இல் அகழ்ந்தது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், ரோமானியத் தொடர்புடைய மட்கலங்கள், சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கல் தொட்டி ஆகியவை கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் உறையூர்த் துணியைக் குறிக்கிறது. புவியியலாளர் தாலமி புகாரைக் கபேரிஸ் என்ற வணிகத் துறைமுகமாகக் காட்டுகிறார்.

சேர, பாண்டியரையும் வேளிரையும் கரிகாலன் வென்ற வெண்ணி, நீடாமங்கலம் அருகே கோயில்வெண்ணியாக இன்றும் இருக்கிறது. காட்டை விளைநிலமாக்கிக் குளம் வெட்டியவன் என்று சங்கப் பாடல் அவனைப் போற்றுகிறது. காவிரிக்குக் கரை கட்டிய புகழைப் பிற்காலச் செப்பேடுகள் அவனுக்குத் தருகின்றன. கல்லணையும் அவன் பெயரால் வழங்குகிறது. இப்போது காணும் அணையோ 19ஆம் நூற்றாண்டில் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டது.

காவிரி ஆண்டுதோறும் கொண்டுவந்த வண்டல் நெல்லை விளைவித்தது, பழைய ஊர்களையும் மூடிவிட்டது. அதனால் டெல்டாவில் பல பொருள்கள் தற்செயலாகவே வெளிவருகின்றன. 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில் ஓர் ஆசிரியர் கன்று நடக் குழி தோண்டியபோது புதிய கற்காலக் கைக்கோடரி ஒன்று அகப்பட்டது. அதிலுள்ள கீறல்களைச் சிந்துவெளிக் குறியீடுகள் என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். அறிஞர் அனைவரும் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த ஆசிரியர் கல்லைத் தூக்கி எறியாததால்தான் ஆய்வே தொடங்கியது. வயலிலோ கொல்லையிலோ பழம்பொருள் எது அகப்பட்டாலும் கழுவித் தேய்க்காமல், கிடைத்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவியுங்கள்.