நத்தை குத்தி நாரையும் நம் புதுச்சேரியும்

மாசி மாதக் காலையில் ஊசுட்டேரிக் கரையில் நடப்பவர்களுக்கு நல்ல காட்சி கிடைக்கும். வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகளில் சில இன்னும் நீரில் மிதக்கும். கரையோரச் சேற்றில் வெளுத்த உடலும் கரிய இறகுமாக நத்தை குத்தி நாரை நிற்கும். பலர் அதைக் கொக்கு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். உலகம் இந்தப் பறவையை அறிந்ததே நம் ஊர் வழியாகத்தான்.

பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் தமது பறவை நூலில் 1780ல் இதை விவரித்தார். அவர் எழுதியது புதுச்சேரியில் பிடித்த ஒரு பறவையை வைத்து. பிரெஞ்சில் இதற்கு 'பெக்-உவேர்' என்று பெயர். திறந்த அலகு என்று பொருள். 1783ல் டச்சுக்காரரான பொடார்ட் 'ஆஸிடான்ஸ்' என்ற லத்தீன் பெயரைச் சூட்டினார். கொட்டாவி விடுவது என்று அர்த்தம். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிவதால் வந்த பெயர்கள் இவை. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகும்.

நம் வயற்காட்டு மனிதர்கள் அலகின் கோணலைப் பெரிதாக எண்ணவில்லை. அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். நத்தையைத் தின்பதால் நத்தை குத்தி என்றார்கள். என்னைக் கேட்டால், மூன்று பெயர்களில் அதிகம் சொல்வது இதுதான்.

நத்தைக்கு ஈரமான நெல் வயல் வேண்டும். வயலுக்கு ஏரித் தண்ணீர் வேண்டும். ஊசுட்டேரி இயற்கையாக அமைந்ததல்ல, பாசனத்துக்காக வெட்டியது. சங்கராபரணி ஆற்று நீர் வாய்க்கால் வழியே இதற்கு வருகிறது. ஏரியின் ஒரு பகுதி தமிழகத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. நம் பக்கத்தை 2008ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் நாரை இரை தேடுவது ஏரிக்குள் மட்டுமல்ல, எல்லைக்கு வெளியே உள்ள வயல்களிலும்தான். அந்த வயல்கள் மனைகளானாலும், பூச்சிமருந்தில் நத்தைகள் செத்தாலும், சரணாலயப் பலகை அதற்குச் சோறு போடாது.

ஆகவே வரத்து வாய்க்காலைத் தூர் வாருவதையும், ஏரிப் பாசனத்தில் நெல் விளைவதையும் விவசாயிகள் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். பறவைகளின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.