சுன்-லியின் உயிர்க்கோடு

இந்த வயதில் இவருக்கு வீடியோ கேம் எதற்கு என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. விடுமுறைக்கு வந்த பேரன் டிவியில் ஆடிக்கொண்டிருந்தான். நீலச் சீன உடை, தலையில் இரண்டு கொண்டை, கையில் முள் வைத்த காப்பு. அந்தப் பெண் உதைத்த உதையைப் பார்த்து யார் இவள் என்று கேட்டேன். பிறகு நானே தேடிப் படித்தேன். முப்பது வருடங்களாக இவளைப் பற்றி விமர்சகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

பெயர் சுன்-லி. 1991-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் வந்தவள். காசு போட்டு ஆடும் பெட்டியில் எட்டுப் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். ஏழு பேர் ஆண்கள். அதில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு: கழுத்தில் மண்டையோடு தொங்க, கை கால் நீண்டு, வாயால் நெருப்புக் கக்கும் யோகி தால்சிம்! நம்மைப் பற்றி அவர்களுக்கு இருந்த எண்ணம் அவ்வளவுதான். எட்டாவது ஆள் சுன்-லி. இன்டர்போல் அதிகாரி. தன் தந்தையைக் கொன்ற பைசன் என்பவனைத் தேடி வருகிறாள்.

இங்கே ஒரு குமாஸ்தாவின் ஆட்சேபணை. பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் இன்டர்போல், கோப்புகளும் சிவப்பு அறிவிப்புகளும் அனுப்பும் அலுவலகம். அதன் ஆட்கள் ஊர் ஊராகப் போய் யாரையும் உதைப்பதில்லை. போகட்டும், கதைதானே.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வேறொன்றும் தோன்றியது. அந்த மொழியில் கதாபாத்திரத்தைக் குறிக்கும் 'பெர்சொனாழ்' ஆண்பால் சொல். பெண் கதாபாத்திரமாக இருந்தாலும் சொல் ஆண்பால்தான். பாதிக்கப்பட்டவரைக் குறிக்கும் 'விக்தீம்' பெண்பால். அடிபட்டவன் மீசைக்காரனாக இருந்தாலும் அப்படித்தான். இலக்கணம் இப்படி, அக்கால விளையாட்டுகளும் பெரும்பாலும் இப்படியே. சண்டை போடுகிறவன் ஆண், கடத்திப்போய் மீட்கப்படுகிறவள் பெண். சுன்-லி அந்த வழக்கத்தை மாற்றினாள். அவளை யாரும் மீட்க வரவில்லை.

ஆட்டக்காரர்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. வேகம் அதிகம், உயரக் குதிப்பாள், கால் சுழல்வது கண்ணுக்குத் தெரியாது. 1993-ல் வந்த 'சிட்டி ஹண்டர்' படத்தில் ஜாக்கி சானே அவள் வேடம் போட்டுச் சிரிக்க வைத்தார். ஹாலிவுட் 1994-ல் ஒன்றும் 2009-ல் ஒன்றும் படம் எடுத்தது. இரண்டாவது அவள் பெயரிலேயே வந்து, விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது.

எதிர்ப்பக்கத்தின் வாதமும் லேசானதல்ல. உடையின் பக்கவாட்டில் இடுப்புவரை பிளவு எதற்கு? வென்றதும் சின்னப்பெண் போலத் துள்ளிச் சிரிப்பது ஏன்? கடைசியில் தந்தையின் கல்லறையில் வணங்கிவிட்டு, சண்டை உடையைக் களைந்து சாதாரண இளம்பெண்ணாகத் திரும்புகிறாளே, மற்ற ஏழு பேரிடம் யாராவது அப்படிக் கேட்டார்களா? இன்னொரு குறையும் உண்டு. 1992-ல் வந்த 'மோர்ட்டல் காம்பாட்'டிலும் ஏழு பேரில் ஒரே ஒரு பெண். ஒருத்தியைச் சேர்த்துவிட்டால் கணக்குச் சரி என்று ஆகிவிட்டது. பிறகு வந்த பல பெண் வீரர்களுக்குத் துணி இன்னும் குறைந்தது.

இரு தரப்பும் படம் பார்த்துப் பேசுகின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது திரையின் மேலே உள்ள மஞ்சள் கோடு. ஒவ்வொரு அடிக்கும் குறையும் உயிர்க்கோடு அது. தயாரிப்பில் இருந்த யோஷிகி ஒகாமோட்டோ பின்னாளில் ஒரு பேட்டியில் இதைச் சொன்னார். பெண்ணுக்கு வலு குறைவு என்பதால் சுன்-லியின் கோட்டை மற்றவர்களுடையதைவிடச் சிறியதாக வைக்க அவர் நினைத்தார். வடிவமைப்பாளர் அகிரா நிஷிதானி ஒப்புக்கொள்ளவில்லை. கோடு எட்டுப் பேருக்கும் ஒரே நீளமாக நின்றது.

இதைப் படித்ததும் என் அலுவலக நாட்கள் நினைவுக்கு வந்தன. எழுபதுகளில் எங்கள் பிரிவுக்கு ஒரு பெண் எழுத்தர் வந்தார். "பாவம், பெண்பிள்ளை" என்று மேலதிகாரி அவருக்குப் பாதிக் கோப்புகளைத்தான் ஒதுக்கினார். வருடக் கடைசியில் ரகசியக் குறிப்பு எழுதும்போது அதே அதிகாரி, மற்றவர்களைவிடக் குறைந்த கோப்புகளே முடித்தார் என்று எழுதினார். பதவி உயர்வு தள்ளிப்போனது. அவர் எங்கள் எல்லோரையும்விட வேகமாகக் குறிப்பு எழுதுவார். இரக்கம் என்ற பெயரில் கோட்டைக் குட்டையாக்கிவிட்டு, சீக்கிரம் தோற்றாள் என்று பதிவு செய்வது இப்படித்தான்.

கோடு சமமாக இருந்ததன் பலன் பிறகு தெரிந்தது. 1999-ல் வந்த மூன்றாம் விளையாட்டின் கடைசிப் பதிப்பில் ஆட்டக்காரர்கள் மிகவும் அஞ்சிய இரண்டு மூன்று பேரில் சுன்-லியும் ஒருத்தி. 2004-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில் ஜஸ்டின் வாங் அவளை வைத்து ஆடினார். எதிரே டைகோ உமேஹாரா, கென் என்ற வீரனோடு. கென்னின் உயிர்க்கோட்டில் ஒரு நூலளவுதான் பாக்கி. சுன்-லியின் பதினைந்து உதைகளையும் ஒன்று விடாமல் தடுத்து உமேஹாரா வென்றார். இன்றும் அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறார்கள். தடுத்தவருக்கு ஏன் இவ்வளவு புகழ்? உதைத்தவள் அவ்வளவு பலசாலி என்பதால்தான். அவள் தோற்ற ஆட்டமே அவளுக்குச் சான்றிதழ்.

உடையைப் பற்றிய விமர்சனத்தை நான் தள்ளவில்லை. என் பேத்தி இதை ஆடினால் எனக்கும் அந்தக் கேள்வி வரும். ஆனால் உடையை அடுத்த பதிப்பில் மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள். கோட்டை மட்டும் அன்று குறைத்திருந்தால், பெண் என்றால் பலவீனம் என்பது அந்த விளையாட்டின் விதியாகவே ஆகியிருக்கும்.

2023-ல் வந்த ஆறாம் விளையாட்டில் சுன்-லி பிள்ளைகளுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுக்கிறாள். கேப்காம் தந்த பிறந்த தேதி 1968 மார்ச் 1. அரசுப் பணியாக இருந்தால் ஓய்வூதியத் தாள்களைத் தயார் செய்யவேண்டிய நேரம். பணிப் பதிவேட்டில் நான் எழுதுவதாக இருந்தால் ஒரே வரிதான்: முழு நீளக் கோட்டோடு பணியாற்றினார்.