போர்வைக்குள்ளே கறள்



1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மோட்டார்க் கார்களிடையே ஓர் அலங்காரம் பெருவழக்காயிற்று. காரின் உருக்குக் கூரையை ‘வைனைல்’ என்னும் செயற்கைத் தோலால் மூடிவிடுவதே அது. பெரிய இயந்திரம் பூட்டிக் கடுவேகத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட, ‘மசில் கார்’ எனப் பெயர்பெற்ற வண்டிகளும் இந்தப் போர்வையைப் போர்த்துக்கொண்டன. திறந்து மூடக்கூடிய துணிக்கூரை வண்டியின் தோற்றத்தை அதைவிடக் குறைந்த செலவிற் பெறலாம் என்பது விற்போர் கருத்து. தோற்றம் என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது.

தோல்தானே மூடப்போகிறது என்று, அதன் கீழிருந்த உருக்குக்குப் பல வண்டிகளில் முழுமையான வர்ணப்பூச்சுக் கொடுக்கப்படவில்லை. பின்கண்ணாடியைச் சுற்றிய உலோக விளிம்பைப் பொருத்துவதற்கான இடங்களிலும், தோலைத் தைத்த தையலிலும் மழைநீர் மெல்லக் கசிந்தது. உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கிற்று. மேலே தோல் பளபளக்க, கீழே கறள் பல ஆண்டுகள் ஓசையின்றி வேலை செய்தது. தோலில் கொப்புளம்போன்ற புடைப்பொன்று தென்படும் நாளில், விரலால் அழுத்தினால் உள்ளே தகடே இராது. இன்று அவ்வண்டிகளைப் பழம்பொருளாகப் போற்றி வாங்குவோர் முதலிற் பார்க்கும் இடம் இயந்திரமன்று, பின்கண்ணாடியின் கீழ்மூலைதான்.

இதே கதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கடலில் நடந்தது. அதன் ஒரு பகுதி நமது திருகோணமலைத் துறைமுகத்தைச் சேர்ந்தது.

வெப்பநாட்டுக் கடலில் மரக்கலத்துக்கு முதற்பகை கப்பற்புழு. பலகையில் ஊசித்துளையளவு வழிசெய்து புகுந்து, உள்ளே பருத்து வளர்ந்து, வெளியே அடையாளமின்றி மரத்தைச் சல்லடையாக்கிவிடும். நம் மீனவரின் கட்டுமரம் இதற்கு அஞ்சியதில்லை. அதைக் கரையேற்றி வெயிலில் உலரவிட்டால் புழு மாண்டுபோகும். கயிற்றாற் பிணைத்த மரமாதலால் ஆணியுமில்லை, கறளுமில்லை. ஆனால் எழுபத்துநான்கு பீரங்கிகளைத் தாங்கிய போர்க்கப்பலைக் கரையில் இழுத்துப் போட இயலுமா? அதன் அடியைப் பழுதுபார்க்க உலர்துறை வேண்டும். திருகோணமலை இயற்கை அளித்த ஒப்பற்ற துறைமுகமாயிருந்தும், அந்நாளில் அங்கே உலர்துறை இருக்கவில்லை. ஆங்கிலேயர் பம்பாய்க்குத்தான் போகவேண்டியிருந்தது.

கப்பலின் அடியை உலோகத்தால் மூடிவிடலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயருக்குப் பழையது. 1670களிலேயே ஈயத்தகடு போர்த்திப் பார்த்தனர். சுக்கானைத் தாங்கும் இரும்புகள் அரிக்கப்படுகின்றன என்ற முறைப்பாடு எழவே அதனைக் கைவிட்டனர். பின்னர் 1761இல் ‘அலாம்’ என்ற சிறு போர்க்கப்பலுக்குச் செப்புத்தகடு போர்த்தி மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பினர். 1763இல் அது திரும்பியதும் தகட்டைக் கழற்றிச் சோதித்தனர். புழு அணுகவேயில்லை, பாசியும் சிப்பியும் பற்றவில்லை. ஆனால் செப்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகளோ சேறுபோன்ற கறளாய்க் குழைந்திருந்தன.

அச்சோதனையில் ஒரு சிறு விந்தையும் வெளிப்பட்டது. தகடுகள் ஒருவகை மண்ணிறக் காகிதத்திற் சுற்றப்பட்டு வந்திருந்தன. வேலையாட்கள் சில இடங்களில் அக்காகிதத்தை அகற்றாமலே தகட்டை அறைந்துவிட்டனர். காகிதம் இடையே நின்ற இடங்களில் இரும்பாணி கெடாதிருந்தது! இரு வேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொடும்போது, அவற்றுள் எளிதிற் கரைவது மற்றதற்காகத் தன்னை அழித்துக்கொள்ளும் என்ற உண்மையை விளக்க அன்று எவருமிலர். வோல்ற்றாவின் மின்கலம் 1800இல்தான் பிறந்தது. ஆயினும் செப்பும் இரும்பும் நேரே தொடலாகாது என்பதைக் கடற்படையினர் எழுதிவைத்துக்கொண்டனர்.

எழுதிவைத்த எச்சரிக்கையைப் போர் வந்து புரட்டிவிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களின் போரில் 1778இல் பிரான்சும், 1779இல் ஸ்பெயினும் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கின. கப்பல்கள் போதவில்லை. செப்புப் போர்த்த கப்பல் விரைந்து செல்லும். அடிக்கடி துறைக்கு வந்து அடியைச் சுரண்ட வேண்டியதில்லை. ஆகவே இருக்கும் கப்பல்களைக் கொண்டே கடற்படையைப் பெருக்கியதற்கு அது ஒப்பாகும். கடற்படைச் சபையின் பொறுப்பிலிருந்த சார்ள்ஸ் மிடில்ரன், இரும்பாணிக்கும் செப்புக்கும் இடையே பசை தோய்த்த தடித்த காகிதத்தை வைத்தாற் போதும் என நம்பி, சில ஆண்டுகளுக்குள் படை முழுவதற்கும் செப்புப் போர்த்தச் செய்தார். காகிதம் நீரைத் தடுக்கும் என்பது கணக்கு. தகட்டை அறைந்த ஆயிரமாயிரம் சிற்றாணிகளின் துளைகளை அக்கணக்குப் போதியவாறு எண்ணவில்லை. மிடில்ரன் அறியாமையால் இதைச் செய்தார் என்று நான் கருதவில்லை. ஆபத்தை அறிந்தே, போர் முடியும்வரை ஆணிகள் தாங்கும் என்று பந்தயம் கட்டினார். பந்தயப் பொருளாக வைக்கப்பட்டவையோ கடலோடிகளின் உயிர்கள்.

இத்தகைய நாளிலேதான் திருகோணமலை ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிற்று. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைப் பறித்தனர். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் படையிறக்கி, கோணேசர் மலைக் கோட்டையையும், துறைமுக வாயிலைக் காத்துநின்ற ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் அடுத்தடுத்துக் கைக்கொண்டார். செப்டெம்பர் 2ஆம் நாள் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் உதவிக்கு வந்து பார்த்தபோது, கோட்டைகளிற் பறந்தது பிரெஞ்சுக் கொடி. மறுநாள் கரைக்கு அப்பால் கடும்போர் நடந்தது. சுஃப்ரெனின் கப்பல்களுள் சில செப்புப் போர்த்தவை, சில போர்த்தாதவை. ஒன்று விரைய மற்றொன்று பின்தங்க, அணிவகுப்பைக் காப்பது அவருக்குப் பெருந்தொல்லையாயிருந்தது. போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. துறைமுகம் பிரெஞ்சியரிடமே நின்றது. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பி, பின்னர் கப்பல்களைச் செப்பனிடப் பம்பாய்க்குச் செல்லவேண்டியதாயிற்று.

அதே செப்டெம்பரில், உலகின் மறுபுறத்தில், அட்லாந்திக் பெருங்கடலில் வீசிய புயல் ‘ரமிலிஸ்’, ‘சென்டோர்’ முதலிய பெரிய போர்க்கப்பல்களை விழுங்கிற்று. புயலின் கொடுமை ஒருபுறமிருக்க, செப்புக்கு உள்ளே அரிக்கப்பட்ட ஆணிகள் பலகைகளைப் பிடித்துநிற்கத் தவறினவோ என்ற ஐயம் எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தறிய வழியேயில்லை. துறையில் ஏற்றிய கப்பலின் அடி புதுக்குடம்போல் மின்னும். தகட்டைப் பெயர்த்து ஆணியைப் பிடுங்கினாலன்றி உண்மை தெரியாது.

போர் ஓய்ந்தபின் பரிகாரம் தேடப்பட்டது. தூய செம்பு மெதுவானது; ஓக் மரத்துள் அறைந்தால் வளைந்துவிடும். செம்பை உருளைகளுக்கிடையே அழுத்தி வலிவூட்டும் முறையை உலோகத் தொழிலாளர் கண்டனர். 1786 முதல், நீர்மட்டத்தின்கீழ் இரும்பாணிக்குப் பதிலாகச் செப்பாணி என்பது கடற்படை விதியாயிற்று. செலவு மிகப் பெரிது. ஆனால் அதன்பின்னரே போர்வையும் உடலும் ஒன்றுக்கொன்று பகையாகாதிருந்தன.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்னுரையும் உண்டு. 1824இல் ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி, செப்பே கடல்நீரில் தேய்வதைத் தடுக்க அதன்மேல் சிறு இரும்பு அல்லது நாகத் துண்டுகளைப் பொருத்தினார். இரும்பும் நாகமும் கரைந்து செப்பைக் காத்தன. அவர் சொன்னபடியே செப்புத் தேயவில்லை. ஆனால் தேய்ந்து கரையும் செப்பின் நஞ்சுதான் பாசியையும் சிப்பியையும் விரட்டிவந்தது. தேய்வு நின்றதும் அவை தாராளமாய் வந்து குடியேறின. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. இன்று உருக்குக் கப்பல்களின் அடியில் நாகக்கட்டிகளைப் பொருத்துவது டேவியின் அந்த எண்ணத்தின் வழிவந்ததே.

1782ஆம் ஆண்டுப் போரின் நினைவாக ‘திருகோணமலை’ என்றே பெயரிடப்பட்ட போர்க்கப்பலொன்றைப் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிச் சிற்பிகள் கட்டி, 1817 ஒக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறக்கினர். செப்பாணி வழக்கமாகிவிட்ட காலம் அது. மரமும் ஓக் அன்று, தேக்கு. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பைத் தின்னும். தேக்கின் எண்ணெய்ப்பசையோ இரும்பை அவ்வாறு வருத்துவதில்லை. இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் நீண்டகாலம் செப்பனிடப்பெற்று, இருநூறு ஆண்டுகள் கடந்தும் அக்கப்பல் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.