சம்பளம் வேண்டாம் என்றவர்: விசுவாச ஊழியம் பிறந்த கதை

சிவகாசி, சாத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் வயது முதிர்ந்த ஒரு பெந்தெகொஸ்தே போதகர் காலமானால், அடக்க ஆராதனையில் சாட்சி சொல்ல எழுகிறவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: “ஐயா விசுவாச ஊழியம் செஞ்சவங்க.” மாதச் சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, கைகொடுக்க வெளிநாட்டு மிஷன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையும், வாரக்கூலி வாங்கியதும் பட்டாசுத் தொழிலாளி எடுத்துவைக்கும் தசமபாகமும்தான் வீட்டுக்கு அரிசி. அப்படியே முழு ஆயுளையும் கழித்தவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர்.

இந்த வாழ்க்கைமுறை பெந்தெகொஸ்தே இயக்கத்தோடு மேல்நாட்டிலிருந்து வந்து இறங்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த இயக்கம் பிறப்பதற்கு வெகு முன்பே, இங்குள்ள மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அதை வாழ்ந்து காட்டியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்.

1810இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற தகராறில், 1835இல் அந்த ரேனியஸையே சர்ச் மிஷனரி சங்கம் விலக்கியது. அதற்குச் சற்று முன்பு, 1833இல், அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியா வந்தார். இங்கிலாந்தில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவத்தை விட்டுவிட்டுப் பாக்தாத்துக்குப் போய், அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தவர். பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரின் மைத்துனர். மனிதரிடம் கேட்காதே, தேவனிடம் மட்டும் கேள் என்பதுதான் இருவரும் பிடித்துக்கொண்ட வழி.

குரோவ்ஸோடு அருளப்பன் ஊர் ஊராக நடந்தார், அவருக்காக மொழிபெயர்த்தார். பிரியும் நேரம் வந்தபோது, செய்த வேலைக்காக மாதாமாதம் ஒரு தொகை தருவதாகக் குரோவ்ஸ் சொன்னார். அருளப்பன் மறுத்துவிட்டார். குரோவ்ஸ் இதை வியந்து கடிதத்தில் எழுதியிருக்கிறார். வியப்புக்குக் காரணம் இருந்தது. அன்றைக்குக் கிராமத்து உபதேசியார் என்றால் மிஷன் சம்பளக்காரர். படி அளந்த கைதான் எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. நண்பர்கள் தாமாக அனுப்பியதை அருளப்பன் வாங்கிக்கொண்டார். மாதம் இவ்வளவு என்ற கட்டுப்பாட்டை மட்டும் ஏற்கவில்லை. துரைமார் காலத்தில் ஒரு தமிழ் இளைஞர் எடுத்த இந்த முடிவை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

1840இல் வத்திராயிருப்பு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உருவாக்கினார். குருப்பட்டம் பெறாதவரும் அங்கே அப்பம் பிட்கலாம். இருபது ஆண்டுகளில் அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் சிறு சபைகள் எழுந்தன.

பிறகு 1860 வந்தது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் எழுப்புதல் உண்டான செய்தி கிறிஸ்தியான்பேட்டையையும் எட்டியிருந்தது. அந்த ஆண்டின் முற்பகுதியில் இங்கேயும் அது தொடங்கியது. ஜனங்கள் மார்பில் அடித்துக்கொண்டு பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டார்கள், நடுங்கி விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷைகளில் பேசினார்கள். ஆண்களும் பெண்களும் சம்பளம் எதிர்பாராமல் சுவிசேஷம் சொல்ல ஊர் ஊராகக் கிளம்பினார்கள். முக்தி மிஷனில் பண்டித ரமாபாய் கண்ட எழுப்புதல் 1905இல். பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு வித்திட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதல் 1906இல். கிறிஸ்தியான்பேட்டை அவற்றுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முந்தியது.

அருளப்பன் 1867இல் மறைந்தார். அவருடைய சபைகள் சகோதரர் சபை வழியைச் சேர்ந்தவை. இன்றைய பெந்தெகொஸ்தே சபைகள் வேறு பாதைகளில் வந்தன. 1920களில் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் அவற்றில் ஒன்று. அதன் ஊழியர்களும் சம்பளமில்லாமல் விசுவாச வீடுகளில் கூடி வாழ்பவர்கள். ஆகவே அருளப்பனிலிருந்து நேர்க்கோடு போட்டு இன்றைய போதகர் வரை இழுக்க முடியாது. ஆனால் பின்னால் வந்தவர்கள் நடந்த பாதையில், இந்த மண்ணில் முதல் தடம் அவருடையது.

அருளப்பன் அறியாத ஒன்று 1923இல் சிவகாசிக்கு வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் அது, பிறகு பட்டாசு. விசுவாச ஊழியம் அதன்பின் இங்கே வேறொரு முகம் கொண்டது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறவரும், வீட்டுத் திண்ணையில் பட்டாசுக் குழாய் உருட்டுகிறவரும் எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். அவர்கள் கொடுப்பதை நம்பிப் போதகரின் குடும்பம். 2018 கடைசியில் நீதிமன்றக் கட்டுப்பாடுகளால் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, விசுவாசிகளின் வீட்டு அடுப்போடு பாஸ்டர் வீட்டு அடுப்பும் அணைந்தது. முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்ததைப் போல வெடிவிபத்து நேரும்போது, தீக்காய வார்டு வாசலில் உறவுக்காரர்களோடு நிற்பவரும் அவர்தான். சம்பளம் வாங்கும் வேலையென்றால் அதற்கு நேரம் உண்டு, விடுப்பு உண்டு. இதற்கு இரண்டும் இல்லை.

அருளப்பனின் கதை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அவர் நாட்குறிப்பு எழுதினார் என்பதுதான். ஜி. எச். லாங் என்பவர் 1939இல் அதை வைத்துப் புத்தகம் போட்டார். நம் ஊர்ப் பெரியவர்களிடமும் ஜெபக் குறிப்பு நோட்டுகள் இருக்கின்றன. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தேதி போட்டு எழுதியவை. அவர்களை அடக்கம் செய்த மறுவாரமே வீடு சுத்தம் செய்யும்போது அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. அதைத் தடுத்துவிடுங்கள். உங்கள் சபையில் வயதான ஊழியக்காரர் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள், நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.