யாழ்ப்பாணத்து விஞ்ஞானக் கல்வியும் பொதுப் பரீட்சைகளும்

பரீட்சை என்பது வடசொல். ஒரு பொருளைச் சுற்றிச் சூழ நோக்குதல் என்பதே அதன் மூலப்பொருள். பொன்னை உரைகல்லிற் தேய்த்துப் பார்ப்பவனும், நாடி பிடித்து நோயறியும் வைத்தியனும் பரீட்சிப்பவரே. விஞ்ஞானமும் பொருளைச் சூழ நோக்கும் முயற்சியே ஆதலின், விஞ்ஞானமும் பரீட்சையும் பிறப்பால் உறவுடையன எனலாம். ஆயினும், குறித்த சில மணி நேரத்துள் எழுதி முடிக்கும் வினாத்தாளே பரீட்சை என்றாகிவிட்ட காலத்தில் அவ்வுறவு எவ்வளவு நிலைத்திருக்கின்றது என்பது ஆராயத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவர் கடந்த இருநூறு ஆண்டுகளில் வெவ்வேறு அளவுகோல்களின் முன்னே நிறுத்தப்பட்டுள்ளனர். அவற்றுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்த ஆசிரியர் எதனைப் பேணினர், எதனை இழந்தனர் என்பதைக் காலமுறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கோப்பாய் தக்கதொரு தொடக்கமாகும். இலக்கிய வழக்கில் வடகோவை எனப்படும் இவ்வூர் சபாபதி நாவலரைத் தந்தது. செம்மண் தோட்டங்களுக்கும் சுண்ணாம்புக்கற் கிணறுகளுக்கும் பெயர்பெற்றது. இவற்றோடு, ஆசிரியரைப் பயிற்றும் ஊர் என்ற பெருமையும் இதற்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேர்ச் மிசன் சங்கத்தார் இங்கே ஆசிரிய பயிற்சிப் பாடசாலையொன்றை நடத்தினர். பின்னாளில் எழுந்த அரசினர் ஆசிரிய கலாசாலை, குடாநாட்டின் கிராமப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியரைத் தலைமுறை தலைமுறையாக அனுப்பியது. பரீட்சையின் வரலாறு பெரும்பாலும் பெருங் கல்லூரிகளின் பெறுபேற்றுப் பட்டியலாகவே எழுதப்படுகின்றது. அதனை ஆசிரியரின் பக்கத்திலிருந்து நோக்கின் வேறொரு தோற்றம் புலனாகும்.

நவீன விஞ்ஞானம் யாழ்ப்பாணத்திற் பாடமாகக் கற்பிக்கப்பட்டது 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலாகும். கணிதமும் வானநூலும் அங்கே சிறப்பிடம் பெற்றன. 1829ஆம் ஆண்டு நிகழ்ந்த சந்திரகிரகணம் அக்கல்விக்கு ஒரு பொதுச் சோதனையாய் அமைந்தது. பஞ்சாங்கங் கணித்த நேரத்துக்கும் செமினரியின் தலைவர் தானியேல் பூவர் கணித்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தது. எது சரியென்பதை வானமே காட்டும் என்று இருசாராரும் காத்திருந்தனர். பூவரின் கணிப்பே ஒத்துவந்தது. மிசனரிமார் அதனைத் தம் சமயப் பிரசாரத்துக்கும் பயன்படுத்தினர் என்பது உண்மையே. எனினும், கல்வி வரலாற்றிலே கருதத்தக்கது பிறிதொன்று. அவ்விரவிலே புள்ளி வழங்கியவர் மனிதர் எவருமல்லர். கணக்குக்கும் காட்சிக்குமுள்ள பொருத்தமே தீர்ப்பாயிற்று. குடாநாட்டு மாணவர் கண்ட முதல் விஞ்ஞானப் பரீட்சை அதுவே எனல் மிகையாகாது.

சான்றிதழ் வழங்கும் பரீட்சை அதற்குப் பின்னரே வந்தது. செமினரி 1855இல் மூடப்பட்டது. இரண்டாண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதற் பி. ஏ. பரீட்சையிலே தேறியோர் இருவர். இருவருமே வட்டுக்கோட்டையிற் பயின்ற யாழ்ப்பாணத்தவர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை; மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை கோப்பாய்க்கு அண்மையிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்தவர். இளமையிலே கோப்பாயில் ஆசிரியராகவும் இருந்தவர். பின்னாளிலே தொல்காப்பியம், கலித்தொகை முதலியவற்றை ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கி அச்சேற்றினார். வானத்தையும் கணக்கையும் ஒப்புநோக்கப் பழகிய கல்வி ஏட்டையும் ஏட்டையும் ஒப்புநோக்கத் துணைசெய்தது போலும். பரீட்சை முடிந்தபின்னும் எஞ்சி நிற்பதே கல்வி என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

அந்நாளிலேயே மற்றொரு முயற்சியும் நடந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை நிலையமாகக் கொண்டு மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் போதித்தவர் 1864 முதல் தமிழிலேயே போதிக்கத் தொடங்கினார். ஆங்கிலங் கற்றோர் அரச உத்தியோகந் தேடி ஊரைவிட்டு நீங்குவதையும், தமிழிற் கற்றோர் தம்மூரிலேயே தங்கி நோயாளரைப் பேணுவர் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1852இல் அங்காதிபாத நூலும், 1867இல் இரண வைத்தியமும், 1875இல் கெமிஸ்தமும் தமிழில் வெளிவந்தன. பொருத்தமான தமிழ்ச்சொல்லோ வடசொல்லோ கிடையாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கேற்ப எழுதுவது அவர் வழி. கெமிஸ்தம் என்ற பெயரே அதற்கு எடுத்துக்காட்டு. அவரிடங் கற்ற மாணவனுக்கு இறுதிப் பரீட்சை நோயாளியின் படுக்கையருகே நடந்தது.

இவ்விரு வழிகளையும் பின்தள்ளி மூன்றாவதொன்று மேலோங்கிற்று. 1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. இலண்டன் மற்றிக்குலேசன் பரீட்சையும் தொடர்ந்தது. வினாத்தாள் கடல்கடந்து வந்தது. விடைத்தாள் கடல்கடந்து சென்றது. யாழ்ப்பாணத்து மாணவன் தன் வீட்டு முற்றத்துப் பனையை அறியாமலும் இங்கிலாந்தின் ஓக்கு மரத்தை வருணிக்கக் கூடியவனாயினான். ஆனால் ஒரு நன்மையை மறுத்தல் ஆகாது. எங்கோ இருந்து திருத்துபவர் மாணவனின் குலத்தையும் குடியையும் அறியார். நிலவளங் குறைந்த குடாநாட்டிலே கல்வியொன்றே முதலாகக் கொண்ட குடும்பங்களுக்கு அப்பரீட்சைகள் அரச சேவைக்கும் வைத்தியத்துக்கும் மலாயாவின் உத்தியோகங்களுக்கும் வழிதிறந்தன. பரீட்சையின்மேல் யாழ்ப்பாணத்தார் கொண்ட பெருநம்பிக்கை அக்காலத்தே வேரூன்றியது.

1943இல் கன்னங்கரா தலைமையிலான விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழியே போதனாமொழியாயிற்று. அது ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாக மேலேறி, 1960களிலே விஞ்ஞான வகுப்புகளையும் எட்டியது. அப்போது ஆசிரியரின் முன்னே எழுந்த முதற் கேள்வி சொற்களைப் பற்றியது. கிறீன் தொடங்கிய பணிக்குப் பின்வந்தோர் பலராவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும், யாழ்ப்பாணத்திலே இரசாயனங் கற்பித்து 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானவருமாகிய விபுலாநந்த அடிகள், 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இலங்கையிலே அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறுஞ் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு, பௌதிகவியல், இரசாயனவியல் என்பன வகுப்பறைச் சொற்களாயின. இன்று தமிழ்நாட்டார் ஆக்சிஜன் என்றும் இயற்பியல் என்றும் வழங்குமிடத்து ஈழத்தார் வேறு வழங்குவது இவ்வரலாற்றின் பயனாகும்.

அக்காலத்துப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையிலே எழுத்துத்தாளோடு செய்முறைப் பரீட்சையும் இருந்தது. ஆகவே ஆய்வுகூடமுள்ள கல்லூரிகள், மாணவர் அளவியையுங் குழாயியையும் கையாண்டு பழக நேரம் ஒதுக்கின. செய்முறைப் பரீட்சை பின்னர் கைவிடப்பட்டதும் பல பாடசாலைகளில் ஆய்வுகூடத்தின் கதவும் மெல்ல மெல்ல அடைபட்டது. பரீட்சை எதனை அளக்கின்றதோ அதுவே கற்பிக்கப்படும் என்னும் உண்மை இங்கே தெளிவாகின்றது.

1970களின் தொடக்கத்திலே அளவுகோலே மாற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியில், தமிழ்மொழி மூலந் தோற்றியோர் மருத்துவத்துக்கு 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மூலந் தோற்றியோருக்கு 229 போதுமாயிற்று. பொறியியலுக்கு அவை முறையே 250, 227 ஆயின. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. 1969இல் நாட்டின் குடித்தொகையில் 7 வீதத்தைக் கொண்ட வட மாகாணம் விஞ்ஞானத் துறைகளுக்கு அனுமதி பெற்றோரில் 27.5 வீதத்தினரை வழங்கியிருந்தது. 1974இல் அது 7 வீதமாகக் குறைந்தது. ஒரே வினாவுக்கு ஒரே விடையெழுதிய இருவருள் ஒருவர் மொழியின் பொருட்டு வெளியே நிறுத்தப்பட்டமை, பரீட்சையின் நேர்மையில் மூன்று தலைமுறையாக வளர்ந்த நம்பிக்கையை வேரோடு அசைத்தது. அதன் அரசியல் விளைவுகள் நாடறிந்தவை.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையான வரலாறு மறைத்தலாகாது. ஆய்வுகூடமுந் தகுதிபெற்ற விஞ்ஞான ஆசிரியருங் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலுமே செறிந்திருந்தனர். மாவட்ட ஒதுக்கீட்டினால் மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய இடங்களின் தமிழ், முசிலிம் மாணவருக்கும் வாயில் திறந்தது. குடாநாட்டினுள்ளும் நகரத்துக் கல்லூரிக்கும் கிராமப் பாடசாலைக்கும் இடைவெளி பெரிதாகவே இருந்தது. மொழியால் வேறுபடுத்துதல் அநீதி. வசதியின்மையைக் கருத்திற் கொள்ளுதல் நீதி. இரண்டும் ஒருங்கே வந்து ஒரே பெயரைப் பெற்றமையே அக்காலத்துக் குழப்பமாகும். 2001 முதல் வழக்கிலுள்ள இசட் புள்ளி முறையிலே, ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியினின்று அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியமவிலகலால் வகுப்பர். பாடங்களின் கடினம் வேறுபடுவதை அது ஓரளவு ஈடுசெய்யும். பாடசாலைகளின் வசதி வேறுபடுவதை எக்கணிதமும் ஈடுசெய்யாது. அது ஆசிரியராலேயே ஆகவேண்டியது.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அப்பொறுப்பைப் பன்மடங்காக்கிற்று. தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை 1975இல் முதன்முறை நடந்தபோது, விஞ்ஞானம் சிலர் தெரிந்தெடுக்கும் பாடமாக இராது எல்லாருக்குமுரிய பாடமாயிருந்தது. அச்சான்றிதழ் சில ஆண்டுகளிலே மறைந்து சாதாரண தரம் மீண்டபோதும் விஞ்ஞானம் கட்டாய பாடமாகவே நிலைத்தது. ஆய்வுகூடமேயில்லாத பாடசாலையில் எல்லா மாணவருக்கும் விஞ்ஞானங் கற்பிப்பது எங்ஙனம் என்பதே கோப்பாயிற் பயின்று கிராமஞ் சென்ற ஆசிரியரின் முன்னிருந்த வினா.

போர்க்காலம் அவ்வினாவை மேலுங் கூர்மையாக்கிற்று. 1990களின் பொருளாதாரத் தடையிலே மின்கலமுந் தடைப்பட்ட பொருள். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது. குப்பி விளக்கின் ஒளியிலே மாணவர் படித்தனர். மின்சுற்றுக் கற்பிக்க மின்கலமில்லை. ஆயினும், வீடுகளிலே மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவினால் வானொலி கேட்ட காலமும் அதுவே. மின்காந்தத் தூண்டலை விளக்க அதனினுஞ் சிறந்த கருவி எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். கோப்பாய் வெறுமையாயிற்று. இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரநிழலிலுங் கொட்டிலிலும் வகுப்பு நடத்தின. மாணவர் அங்கிருந்தே பரீட்சைக்கு ஆயத்தமாயினர்.

இன்றைய சாதாரண தர விஞ்ஞான வினாத்தாள் 40 பல்தேர்வு வினாக்களையும், அமைப்புக் கட்டுரை, கட்டுரை வினாக்களையும் கொண்டது. அதற்கு ஆயத்தஞ் செய்யும் வழிகள் இரண்டாகப் பிரிந்துள்ளன. கடந்தகால வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வித்து, புள்ளித்திட்டத்தின் சொற்களை மனனஞ் செய்வித்தல் ஒன்று. தனியார் போதனாநிலையங்களில் மாத்திரமன்றிப் பாடசாலைகளிலும் இதுவே பெருவழக்கு. பழைய வினாத்தாளைப் பயிலுதல் குற்றமன்று. வினாவின் போக்கையும் நேரத்தின் அருமையையும் அது உணர்த்தும். ஆயினும் அது மட்டுமே கல்வியாயின், வினா சிறிது திரும்பியதும் மாணவர் திகைப்பர்.

மற்றது பொருளிலிருந்து தொடங்குவது. கோப்பாய்ப் பகுதிக்கு அண்மையிலே புத்தூரையடுத்து நிலாவரைக் கிணறு உண்டு. மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் அதனுள் நிற்கின்றன. நன்னீரின் அடர்த்தி உவர்நீரினதிலுங் குறைவு என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எந்நூலிலுமில்லை. கடல்மட்டத்துக்குமேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் தாங்கப்படும் என்னுங் கணக்கை அறிந்த மாணவர், தோட்டக்கிணற்றில் அளவிறந்து இறைத்தால் உவர் மேலெழும் என்பதையுந் தாமே உய்த்துணர்வர். சுண்ணாம்புக்கற் பொடியிற் தேசிப்புளி பிழிந்தால் எழுங் குமிழ் காபனீரொட்சைட்டு. செவ்வரத்தம்பூவின் சாறு அமிலத்தையுங் காரத்தையும் நிறத்தாற் பிரித்துக் காட்டும். இவற்றுக்குச் செலவில்லை. வேண்டுவது ஒரு பாடவேளையும், அதனை வீணென்று கருதாத ஆசிரியருமே. இவ்வாறு கற்ற மாணவர் பரீட்சையிலுந் தேறுவர்; பரீட்சை முடிந்த மறுநாள் கற்றதை மறக்கவும் மாட்டார்.

கேம்பிரிட்ஜ் போயிற்று, இலண்டன் போயிற்று, தேசிய சான்றிதழும் போயிற்று. இன்றுள்ள முறையும் ஒருநாள் மாறும். அளவுகோலை வகுக்கும் அதிகாரம் வகுப்பறையில் இருந்ததில்லை. அளக்கப்படும் பொருளை ஆக்கும் ஆற்றல் என்றும் அங்கேயே இருந்தது. நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையும் நன்னூலார் உவமையாக்கினார். நிறைகோலை அவர் பரீட்சைத் திணைக்களத்திடம் ஒப்படைக்கவில்லை, ஆசிரியனிடமே ஒப்படைத்தார். வானத்தை நோக்கித் தன் கணக்கைச் சரிபார்த்த அந்தப் பழைய வட்டுக்கோட்டை வகுப்பைப் போல, பொருளை நோக்கித் தன் போதனையைச் சரிபார்க்கும் ஆசிரியர் உள்ளவரை எந்த அளவுகோலின் முன்னும் நம் மாணவர் நாணி நிற்கவேண்டியதில்லை.